முழங்காலில் கட்டிய பட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். மரியாதைக்கு ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். எனக்கு உட்காரவே வராது. வேலையில் இருந்த காலத்திலேயே, "ஜுபைதாக்கா கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தது" என்று கேலி செய்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சக்கரம் கழன்றபாடில்லை. அதனால் நடந்துகொண்டேதான் பேசுவேன். என்னைப் பார்த்துத் திரும்பித் திரும்பி உங்கள் கழுத்து வலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பியை எப்படி வளைப்பது, மணியை எப்படிக் கோப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்கள் செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். காலையில் உங்களில் சிலருடைய வேலையை எடுத்துப் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் இந்த நறுவிசு வர வருஷக்கணக்காயிற்று, பொறாமையாகத்தான் இருந்தது. நான் சொல்ல வந்தது வேறு. நகை வாங்கியவர் திரும்பி வந்து வாசலில் நிற்கிறார், முதலாளி முகம் சிவந்து பார்க்கிறார், முகூர்த்தம் நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் வாயைத் திறப்பதா மூடிக்கொள்வதா என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மற்ற ஊர்களில் மணிமாலை செய்கிறவர்களுக்குக் கழுத்தைப் பற்றித்தான் கவலை. காஞ்சிபுரத்தில் நமக்குச் சேலையைப் பற்றியும் கவலை. ஒவ்வொரு மணியிலும் கம்பியை நுழைத்து, கண்ணி வளைத்து, மிச்சக் கம்பியைக் கண்ணியின் கழுத்தில் சுற்றி நறுக்குகிறோம் அல்லவா, அந்த நறுக்கிய நுனியை எங்கள் பட்டறையில் வால் என்போம். வால் அழுந்திப் படுத்திருக்க வேண்டும். ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தாலும் பட்டில் மாட்டும். பட்டில் ஓர் இழை இழுபட்டால் சேலையின் குறுக்கே கோடு விழும். அதை எந்த நெசவாளியாலும் மறுபடி உள்ளே தள்ள முடியாது.

ஒருமுறை ஒரு கல்யாண வரவேற்பில் பெண்ணின் மாலை மாப்பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தில் மாட்டிக்கொண்டு, இருவரும் ஒட்டினபடியே பந்திவரைக்கும் நடந்து போனார்கள். வந்தவர்கள் எல்லாம் என்ன அன்னியோன்னியம் என்று மெச்சினார்களாம். அந்த மாலை எங்கள் பட்டறையில் செய்ததில்லை, எதிர்ப் பட்டறையில் செய்தது. நாங்கள் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்கள் முறை வரும்வரை அந்தச் சிரிப்பு நீடித்தது.

எங்கள் பட்டறையில் சோதனை பார்ப்பது என் வேலை. பழைய பட்டுச் சேலையில் ஒரு துண்டு கிழித்து வலது முழங்காலில் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். முடித்து வந்த நகையை அதன்மேல் வைத்து என் பக்கமாக இழுப்பேன். துணி கூடவே எழுந்தால் நகை செய்தவளிடம் திரும்பிப் போகும், எழாவிட்டால் பெட்டிக்குப் போகும். காந்தி ரோடு சேலைக்கடைகளில், "ஜுபைதா முட்டி பார்த்த நகையா?" என்று கேட்டு வாங்குவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இப்போதும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நான் சொல்லும் விஷயம் நடந்தது தொண்ணூறுகள் முடியப் போகும் சமயம். பட்டறை முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷர், ஆனால் பொறுமை கிடையாது. பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் சிலர்தான். மற்றப் பெண்கள் மணியும் கம்பியும் வாங்கிப் போய் வீட்டில் செய்து சனிக்கிழமை கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அப்படி வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள் சரளா. நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். புருஷன் தறியில் உட்கார, இவள் கம்பி எடுத்தாள். அவள் சுற்றும் சுற்று அவ்வளவு நெருக்கமாக இருக்கும், நகம் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியாது. அதனால் கல்யாண வேலை வந்தால் பாதி அவளுக்குத்தான். கல்யாண வேலை செய்கிறவளுக்குக் கூலியும் கூட, மரியாதையும் கூட. மற்றவர்கள் பாய் முன்னால் நின்றுகொண்டே கணக்குச் சொல்ல வேண்டும். இவளுக்கு ஸ்டூல் போட்டு டீ வரும். மற்ற வேலை என்றால் தலைக் கிளிப்பும், பள்ளிக்கூட ஆண்டுவிழா நாட்டிய நகையும்தான். அதை வைத்துக் குடும்பம் ஓட்ட முடியாது.

அந்த வைகாசியில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா தன் பெண்ணின் கல்யாணத்துக்கு வேலை கொடுத்தார். தன் அம்மா போட்டுக்கொண்ட முத்தையும் பவழத்தையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். முத்துமாலை நிச்சயதார்த்தத்துக்கு, பவழமாலை கல்யாணத்துக்கு. இரண்டையும் சரளாவுக்குத்தான் கொடுத்தேன். முத்துமாலை முதலில் வந்தது. முழங்காலில் வைத்து இழுத்தேன், வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. பெட்டியில் வைத்து அனுப்பினேன்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் டீச்சரம்மா பட்டறைப் படியேறி வந்தார். கையில் ஒரு சேலை. பாயின் மேஜையில் பிரித்துப் போட்டார். அரக்கு நிறப் பட்டு, முந்தானையில் ஜரிகைக்குக் கீழே நாலைந்து இடத்தில் இழை சுருங்கி வெள்ளைக் கோடாக நின்றது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பொண்ணு நமஸ்காரம் பண்ணிட்டு எழுந்துக்கறா, முந்தானை கூட வரமாட்டேங்கறது. மாலையிலே மாட்டிண்டிருக்கு. பிள்ளையாத்துக்காரா எல்லாரும் பார்த்துண்டிருக்கா. இந்தப் புடவை அவா எடுத்துக் குடுத்தது. முதல் நாளே கிழிச்சுட்டாளேன்னு அவாத்து மனுஷா ஒருத்தி என் காதுபடச் சொன்னா."

பாய் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். டீச்சரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கூரைப்புடவையிலேயும் இப்படி ஆச்சுன்னா, என் பொண்ணு அந்தாத்துலே காலத்துக்கும் இந்தப் பேச்சைக் கேட்டுண்டிருக்கணும். என் பவழத்தைத் திருப்பிக் குடுத்துடுங்கோ. இல்லேன்னா, பண்ணினவா யாருன்னு என் கண்ணுலே காட்டுங்கோ. அவாளைப் பார்த்துட்டு, குடுக்கலாமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

"வெள்ளிக்கிழமை வாங்கம்மா. மாலையும் இருக்கும், ஆளும் இருக்கும்" என்றார் பாய்.

அவர் படியிறங்கினாரோ இல்லையோ, பாய் என் பக்கம் திரும்பினார். "யாரு கை அது, ஜுபைதா? பேரச் சொல்லு, ஜல்தி. அவளுக்கு இனிமே கல்யாண வேல கெடையாது."

"நாளைக்குச் சொல்றேன் பாய்."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நாளைக்குச் சொல்றேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதலாளி கோபத்தில் பேர் கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். கோபத்தில் காதில் விழுந்த பேர் மனசிலிருந்து இறங்கவே இறங்காது. நான் சரளாவைக் காப்பாற்ற நினைத்து நிறுத்தவில்லை. உண்மையில் அவள்மேல் எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் அந்த மாலையை இழுத்துப் பார்த்தது என் கை. மாட்டாத மாலை எப்படி மாட்டியது என்று தெரியாமல் ஒரு பேரைத் தூக்கிக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

முத்துமாலையை டீச்சரம்மா விட்டுவிட்டுப் போயிருந்தார். முழங்காலில் பட்டைக் கட்டி இழுத்தேன். மாட்டவில்லை. துண்டை அவிழ்த்துப் புதுத் துண்டு கட்டி இழுத்தேன். மாட்டவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனேன், வந்தேன், இழுத்தேன். படியிறங்கித் தெருவரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்தேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்த ஒருத்தி, "யக்கா, ஒரு எடத்துல உக்காருமா, எனக்குத் தல சுத்துது" என்றாள். அவள் தலை சுற்றுவதைப் பற்றி அப்போது எனக்குக் கவலையில்லை.

சாயங்காலத் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். மாலையை முழங்காலில் வைத்தது மறந்து சட்டென்று எழுந்தேன். அது முழங்காலிலிருந்து முன்பக்கமாகச் சரிந்தது. சரிந்தது கீழே விழவில்லை. பட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

அப்படியே நின்றேன். இத்தனை வருஷமும் நான் என் பக்கமாக மட்டும்தான் இழுத்திருக்கிறேன். திரும்ப உட்கார்ந்து, மாலையை என்னிடமிருந்து விலக்கி எதிர்ப்பக்கமாகத் தள்ளினேன். அங்கங்கே துணி எழுந்தது. பெட்டியிலிருந்த மற்றப் பெண்களின் நகைகளை எல்லாம் எடுத்து எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுகூட மாட்டவில்லை. சரளா செய்ததுதான் மாட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எல்லோருடைய சுற்றும் ஒரு பக்கமாகப் போகிறது, இவளுடையது மறுபக்கமாகப் போகிறது. ஏன் என்றுதான் புரியவில்லை.

மறுநாள் காலையிலேயே வாலாஜாபாத் பஸ் பிடித்தேன். கருடசேவைக் கூட்டத்துக்காக பஸ்ஸை எங்கெங்கோ சுற்றிவிட்டார்கள். உட்கார இடம் இருந்தும் கதவுப் பக்கம் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர், "யம்மா, எறங்கறதுன்னா சொல்லு, நிக்கறதுன்னா உள்ள வா" என்று திட்டிக்கொண்டே வந்தார்.

சரளா வீட்டில் தறிச் சத்தம் தெருவரை கேட்டது. நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியாது. ஜன்னலோரம் பலகை போட்டுக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். மடியில் பவழம். குறடு இடது கையில் இருந்தது.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். என்னைக் கண்டதும் குறடு வலது கைக்கு மாறியது. அது மாறிய வேகத்தைப் பார்த்தால், வருஷக்கணக்காக அப்படி மாற்றிப் பழகியிருக்கிறாள் என்று தெரிந்தது.

"எப்பலேருந்து சரளா?"

"பொறந்ததுலேருந்துக்கா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கல்யாண வேல குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன். பீச்சாங்கையில் செய்த நகையைக் கல்யாணப் பெண்ணுக்கு யார் போடுவார்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

உள்ளே தறி நின்றது. அவள் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தறிக்குப் போனார். சரளா தலை குனிந்தபடி சொன்னாள்.

"சின்ன வயசுல எங்கம்மா இந்தக் கையத் துணி வச்சிக் கட்டிப் போடும். சாப்புடறது, குடுக்கறது வாங்கறது, கோலம் போடறது எல்லாம் மாத்திக்கினேன். தறில நாடா அந்தாண்ட போவுது, இந்தாண்ட வருது, அங்க யாரும் கையப் பாக்கல. இந்தக் கம்பி மட்டும் அந்தக் கையில வரமாட்டேங்குதுக்கா. முன்ன இன்னொரு எடத்துல வேல செஞ்சேன். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பாத்துட்டாங்க. முடிச்சி வச்சிருந்த மாலைய அப்படியே வுட்டுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க எனக்குக் கிளிப்புதான்."

நான் நிச்சயதார்த்தத்தில் நடந்ததைச் சொன்னேன். "இந்தப் பவழத்த வலது கையால செய்" என்றேன். அப்போது எனக்குத் தோன்றிய வழி அது ஒன்றுதான்.

செய்தாள். என் கண்ணெதிரில், வலது கையால், உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தாள். கண்ணி கோணிக்கொண்டது. சுற்று பல்லிளித்தது. நறுக்கும்போது குறடு வழுக்கிப் பவழத்தில் கீறல் விழப் பார்த்தது. சட்டென்று குறடைப் பலகையில் போட்டாள்.

"பாருங்கக்கா. இதுவா என் வேல? இதக் கொண்டும்போய் அந்தப் பொண்ணு கழுத்துல போடுவீங்களா?"

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. நல்ல கையை விட்டுவிட்டுக் கெட்ட கையால் செய் என்று சொல்லத்தானா பஸ் ஏறி வந்தேன் என்று தோன்றியது.

"சரி, உன் கையாலயே செய். நான் பாக்கறேன்" என்றேன்.

குறடு இடது கைக்குப் போனது. இரண்டு மணி சுற்றுவதற்குள் எனக்கு விஷயம் பிடிபட்டது. கம்பியை நறுக்கியதும், வாலை வலது பக்கமாகத் திருப்பி அழுத்தினாள். அப்படி அழுத்தச் சொல்லிக் கொடுத்தது எங்கள் பட்டறைதான். எல்லோருக்கும் முதல் நாளே சொல்வோம், வாலை வலப்பக்கம் படுக்க வை என்று. மற்றவர்களுடைய சுற்று போகும் பக்கம் அது. இவளுடைய சுற்றோ எதிர்ப்பக்கம் போகிறது. படுக்க வேண்டிய வாலை, சொன்ன பேச்சைக் கேட்டு, இவளே நெம்பிவிட்டிருக்கிறாள். நானோ எனக்குப் பழகிய பக்கமாகவே இழுத்துப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று பெட்டியில் வைத்திருக்கிறேன்.

"வால இடது பக்கம் அழுத்து" என்றேன்.

"வலப்பக்கம்தானேக்கா சொல்லுவீங்க?"

"இப்ப இடது பக்கம்னு சொல்றேன், அழுத்து."

பையிலிருந்து பட்டுத் துண்டை எடுத்து முழங்காலில் கட்டினேன். அவள் சுற்றி அழுத்திக் கொடுக்கக் கொடுக்க, என் பக்கம் ஒரு முறை, எதிர்ப்பக்கம் ஒரு முறை இழுத்தேன். பொழுது சாயும்வரை அவள் வீட்டிலேயே இருந்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுகூட மாட்டவில்லை. நடுவில் அவள் புருஷன் தானே டீ போட்டுக்கொண்டுவந்து வைத்தார்.

ஊர் திரும்பியதும் பாயிடம் போனேன். முத்துமாலையை அவர் கையில் கொடுத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வால் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப தப்பு நம்ம சொல்லிக் குடுத்ததுலதான் இருக்குது" என்று ஒத்துக்கொண்டார். அதுவரை நன்றாகத்தான் போனது. இடது கை என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"டீச்சரம்மா ஆசாரம் பாக்கறவங்க ஜுபைதா. இடது கைன்னு தெரிஞ்சா பவழத்த வாங்கிக்கினு போயிடுவாங்க. ஊரெல்லாம் சொல்லுவாங்க. நான் ஆள காட்டறேன்னு வேற சொல்லிட்டேன். பட்டறையில உக்காந்து செய்யறவ ஒருத்திய நிக்க வச்சி, நான்தான் செஞ்சேன்னு சொல்லச் சொல்லு."

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தெரியாது. அது ஒன்றும் அநியாயமான யோசனையாக எனக்குப் படவில்லை. மாலை நன்றாக இருக்கிறது, பெண்ணின் சேலைக்கு ஆபத்தில்லை, சரளாவின் வேலையும் போகாது. ஒரு சின்னப் பொய்யோடு எல்லாம் முடிந்துவிடும். இரண்டு நாள் பட்டறைக்கும் வீட்டுக்குமாக அதையே மென்றுகொண்டு அலைந்தேன். வீட்டில் சோற்றில் உப்பு இரண்டு தடவை போட்டேன். கடைசியில், முடிவு எடுக்க நான் யார் என்று தோன்றியது. அவள் செய்த மாலைக்கு இன்னொருத்தி பேர் வாங்குவதா வேண்டாமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். யாருடைய பிழைப்பு போகுமோ அவரைக் கேட்காமல் அவருக்காக ஒரு பொய்யைச் சொல்லாதீர்கள். இது ஒன்றைத்தான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

பவழமாலையை முடித்துக் கொண்டுவந்த சரளாவிடம் பாயின் யோசனையைச் சொல்லிக் கேட்டேன். அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"நானே நிக்கறேன்க்கா. வலது கையில புடிச்சிக்கினு நின்னா அவங்களுக்கு என்னா தெரியப் போவுது?"

வெள்ளிக்கிழமை டீச்சரம்மா வந்தார். நல்ல பட்டாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்திருந்தார். ஏன் என்று உடனே தெரிந்தது. பவழமாலையை வாங்கித் தன் முந்தானையிலேயே வைத்து இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் இழுத்தார். மாலை வழுக்கிக்கொண்டு போனது, வழுக்கிக்கொண்டு வந்தது.

"நீதானாம்மா பண்ணினே?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு ஏன் அப்படி ஆச்சு?"

"வால தப்பான பக்கம் அழுத்திட்டேம்மா. இப்ப சரி பண்ணிக்கினேன்." பட்டறைமேல் ஒரு வார்த்தை போடவில்லை. பாய் கனைத்துக்கொண்டு, "நாங்கதாம்மா அவளுக்கு அப்படி சொல்லிக் குடுத்தது" என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

டீச்சரம்மா மாலையைக் கழுத்தருகே வைத்துக் கொக்கியை மாட்டிப் பார்த்தார். கழற்ற வரவில்லை. "இது கொஞ்சம் இறுக்கமா இருக்கே. என் கண்ணெதிர்லேயே சரி பண்ணிக் குடேன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் சரளாவைப் பார்த்தேன். அவள் குறடை வலது கையில் எடுத்தாள். கொக்கியைப் பிடித்தாள். குறடு அதில் சரியாக உட்காரவில்லை. பக்கத்திலேயே அந்தக் கடைசிப் பவழம், அவர் அம்மா போட்டுக்கொண்ட பவழம். குறடு வழுக்கினால் அது தெறித்துவிடும். கொடு என்று நான் வாங்கிக்கொள்ளப் போனேன்.

அதற்குள் சரளா நிறுத்திவிட்டாள். ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தாள். குறடை இடது கைக்கு மாற்றினாள். இரண்டு நெளிப்பு, அவ்வளவுதான். கொக்கி தானாகத் திறந்துகொண்டது.

பாய் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா சரளாவின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். சரளா மாலையை நீட்டாமல் இடது கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிழைப்பு அந்தக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"எந்தக் கையாலே வேணா பண்ணிக்கோம்மா" என்றார் டீச்சரம்மா கடைசியில். "குடுக்கறச்சே வலது கையாலே குடு."

சரளா மாலையை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். டீச்சரம்மா வாங்கி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு எல்லாரும் வாங்கோ" என்று சொல்லிப் படியிறங்கினார். பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து அடுத்த கல்யாணத்துக்கு வந்திருந்த மணிப் பொட்டலத்தை எடுத்து, "இத எடுத்துக்கினு போம்மா. சனிக்கிழம முடியலன்னாலும் பரவால்ல, நல்லா செய்" என்று சரளாவிடம் கொடுத்தார்.

அவளைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். எனக்குக் கொதிப்பு அடங்கவில்லை. தெரு முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தேன். "அந்த வேலைய செஞ்ச கை, நீட்டறதுக்கு மட்டும் ஆகாதாமா? வலது கையால குடுன்னு சொல்றாங்களே, உனக்கு ரோஷமே வரலியா? படிச்சவங்க பேசற பேச்சா இது?"

சரளா பஸ் நிலையத்துக்குள் நுழைந்த பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"அவங்க வாங்கும்போது நீங்க எங்கக்கா பாத்துக்கினு இருந்தீங்க?"

"அவங்க மூஞ்சிய பாத்துக்கினு இருந்தேன். வேற எத பாக்கறது?"

"நான் கையப் பாத்துக்கினு இருந்தேன். நான் ஒரு கையால குடுத்தேன். அவங்க ரெண்டு கையும் நீட்டித்தான் வாங்கினாங்க."

கோயில் பிரசாதத்தையும் பெரியவர்கள் கொடுக்கும் தாம்பூலத்தையும்தான் எங்கள் ஊரில் அப்படி வாங்குவார்கள். காலமெல்லாம் கையைப் பார்த்துச் சம்பளம் வாங்கிய நான், அன்றைக்குப் பார்க்க வேண்டிய இரண்டு கையைக் கோட்டைவிட்டிருந்தேன்.

வாலாஜாபாத் பஸ் வந்தது. மணிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் வெளியே நீட்டிக் கையை ஆட்டினாள். இடது கை. இந்த முறை கவனித்தேன்.